சந்திரலேகா சொல்லத் தயங்கிய நாடகம்

சிதம்பரம் மேலவீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் சந்திரலேகாவின் பியூட்டி பார்லர் இருக்கிறது. முகத்தில் பேக் பூசிப் படுத்திருக்கும் பெண்கள் வாய் திறந்தால் பேக் வெடித்துவிடும். அந்த நேரம் பார்த்துத்தான் அவர் நாடகத்தைப் பற்றிப் பேச ஆரம்பிப்பார்.

“ஞாயித்துக்கெழம கடலூர்ல ஒண்ணு போடறாங்க. ரேஷன் கார்டுல பேர மாத்தப் போற ஒரு திருநங்கையோட கதை. பாக்கும்போது சிரிச்சிக்கினே இருப்பீங்க. வெளிய வந்தப்புறம்தான் மனச என்னமோ பண்ணும்.”

முடிவை மட்டும் சொல்ல மாட்டார். ஆளைப் பார்த்துத்தான் நாடகமும் சொல்வார். மருமகளோடு பேச்சே இல்லாமல் இருந்த ஒரு டீச்சரை, சாதி மாறிக் கல்யாணம் செய்துகொண்ட மகளின் வீட்டுக்கு முதன்முதலாகச் சாப்பிடப் போகும் தகப்பனைப் பற்றிய நாடகத்துக்கு அனுப்பிவைத்தார். அடுத்த முறை டீச்சர் புருவம் திருத்த வந்தபோது கூடவே மருமகளும் வந்தாள்.

இந்த நாடகப் பைத்தியம் அவரை கடலூர் முதுநகரில், ஒரு கல்யாண மேக்கப்புக்குப் போயிருந்தபோது பிடித்தது. அங்கே நாடகம் போட வந்த குழுவின் மேக்கப்காரருக்குக் காய்ச்சல். ஒரு நடிகருக்குக் கிழவி வேஷம் போட அவசரமாக இவரைக் கூப்பிட்டார்கள். வேலை முடிந்ததும் கிளம்பியிருக்கலாம். ஆனால் திரை ஓரம் நின்றவர் கடைசிவரை நகரவில்லை. ராஜா, ராணி இல்லாமல் நம் தெருவில் நடப்பதையே மேடையில் போடுவார்கள் என்று அன்றுதான் கண்டார். அதற்குப் பிறகு ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் கணவர் ஸ்ரீதரையும் இழுத்துக்கொண்டு, எங்கே நாடகம் என்றாலும் போய்விடுவார்.

போன வருஷம் கடலூரில் பார்த்த ஒரு நாடகம் மட்டும் அவரைக் குத்திவிட்டது. கறுத்த நிறமுள்ள ஒரு கல்யாணப்பெண். பார்லர்க்காரி ஒருத்தி சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்கும் மட்டையோடு வந்து, “நாலு ஷேடு ஏத்திடலாம்” என்று அவள் முகத்தில் பூசிக்கொண்டே இருக்கிறாள். மணமேடைக்கு வந்த தாய்க்கு, அதேபோல் பூசிக்கொண்டு வரிசையாக நிற்கும் வெள்ளை முகங்களில் தன் பெண் எது என்று தெரியவில்லை. பார்லர்க்காரி வாய் திறக்கும்போதெல்லாம் ஜனங்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஸ்ரீதரும் சிரித்தார். மனைவியின் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார்.

திரும்பி வரும் பஸ்ஸில் சந்திரலேகா சொன்னார்: “அப்படியே என் பேச்சுங்க அது. எத்தினி பொண்ணுங்ககிட்ட சொல்லியிருக்கேன்.”

“விடு, எல்லா பார்லர்லயும்தான் சொல்றாங்க” என்றார் ஸ்ரீதர். அது ஆறுதலாக இல்லை.

இந்த நாடகத்தை மட்டும் யாரிடமும் சொல்வதில்லை என்று முடிவு செய்தார். அப்போதுதான் பக்கத்து ஊரான கிள்ளையிலிருந்து அஜீசுன்னிசா தன் மகள் ஷாசியாவைக் கூட்டிக்கொண்டு, நிக்காஹ் மேக்கப்புக்குப் பேச வந்தார்.

“பொண்ணு கொஞ்சம் கலரா தெரியணும்மா” என்றார் அஜீசுன்னிசா.

ஷாசியா அதைக் காதில் வாங்காமல், “அக்கா, நீங்க நாடகம்லாம் சொல்லுவீங்களாமே, இப்ப எதுவும் இல்லியா?” என்று கேட்டாள்.

சந்திரலேகாவுக்குப் பொய் வரவில்லை. “ஒண்ணு இருக்கு. அடுத்த வாரம் இங்க சிதம்பரத்துலயே போடறாங்க. எனக்கு அதப் பாத்து ரோஷம் வந்துடுச்சி. ஆனா நல்ல நாடகம். ரெண்டு பேரும் போய்ப் பாருங்க.”

சொன்ன பிறகு, கையில் இருந்த வேலையைத் தானே கெடுத்துக்கொண்டோமோ என்றிருந்தது.

நாடகம் பார்த்துவிட்டு அவர்கள் திரும்பி வந்தார்கள். “நல்லாத்தான் சிரிச்சிக்கினு இருந்தேன்” என்றார் அஜீசுன்னிசா. “அந்தம்மா பொண்ணக் காணாம தேடுனப்ப இவ கையப் புடிச்சிக்கினேன். எம்பொண்ணு மூஞ்சி எம்பொண்ணு மூஞ்சியாவே இருக்கட்டும்மா. அழகா பண்ணி வுடு, அது போதும்.”

சந்திரலேகா சந்தோஷமாக அலமாரியைத் திறந்தார். ஷாசியாவின் கறுத்த நிறத்துக்கு ஒரு பவுண்டேஷன் கிரீம்கூட இல்லை! இத்தனை வருஷமாக அவர் வாங்கி அடுக்கியதெல்லாம் வெளுத்த நிறங்கள். புதுச்சேரி போய் நாலைந்து கடை ஏறி இறங்கித் தேடினார். வாங்கியதை முதலில் தன் கன்னத்திலேயே தடவிப் பார்த்தார். அவரும் கறுப்புதான். பூசியதும் பூசாததும் தெரியாமல் தோலோடு தோலாக இழைந்தது. அன்று வெகுநேரம் கண்ணாடி முன்னால் உட்கார்ந்திருந்தார்.

நிக்காஹ் அன்று பச்சைப் பட்டும் மல்லிகையுமாக ஷாசியாவின் முகம் மினுங்கியது. மாப்பிள்ளை வீட்டு மாமி ஒருவர் கிட்டத்தில் வந்து உற்றுப் பார்த்து, “என்னா, பொண்ணுக்கு மேக்கப்பே போடலியா?” என்றார்.

சந்திரலேகாவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஷாசியாவே பதில் சொன்னாள்: “காலையிலேருந்து போட்டாங்க மாமி. போட்டதே தெரியல பாருங்க, அவ்ளோ சூப்பரா போட்டிருக்காங்க.”

சுற்றியிருந்த பெண்கள் கொல்லென்று சிரித்தார்கள். மாமியும் சிரித்துவிட்டு, தன் மகளுக்கும் ஒரு தேதி சொல்லி வைக்கலாமா என்று மெதுவாக விசாரித்தார். பிரியாணிக்கு அஜீசுன்னிசா சந்திரலேகாவைத் தன் பக்கத்திலேயே உட்காரவைத்துக்கொண்டார்.

இப்போதும் வெளுப்பாகத்தான் வேண்டும் என்று கேட்டு வருகிறவர்கள் உண்டு. அவர்களிடம் சந்திரலேகா சண்டை போடுவதில்லை. ஒரு கன்னத்தில் வெளுப்பாகவும் இன்னொன்றில் அவர்கள் நிறத்திலேயும் போட்டுக் காட்டி, எது வேண்டும் என்று கேட்கிறார். சில பெண்கள் இந்தக் கன்னத்தைக் காட்டுகிறார்கள், சிலர் அந்தக் கன்னத்தை. எந்தப் பக்கமானாலும் அவர் மனம் ஒப்பித்தான் பிரஷ்ஷைக் கையில் எடுக்கிறார்.