இருபத்தோராம் பக்கத்து வளையம்

எங்கள் நூலகத்துக் கதைப்புத்தகங்களுக்கு முகம் கிடையாது. மேலட்டை கிழிந்ததும் எல்லாவற்றுக்கும் ஒரே காக்கி அட்டை போட்டுக் கட்டிவிடுவார்கள். எதை வாசித்தோம், எதை வாசிக்கவில்லை என்று எப்படித் தெரியும்? அதற்கு வாசிக்கிறவர்களே ஒரு வழி கண்டுபிடித்திருந்தார்கள். வாசித்து முடித்தவர் இருபத்தோராம் பக்கத்து மூலையில் பென்சிலால் தன் குறியைப் போடுவார். நட்சத்திரம், மீன், ஒற்றைக் கோடு என்று ஆளுக்கொன்று. நூலகர் கண்டால் நல்ல ஏச்சு விழும். என் குறி ஒரு சின்னப் பூ. பள்ளிக் கொப்பிகளிலும் அதைத்தான் கீறி வைப்பேன்.

அந்த வருடம் எனக்கு ஏ.எல். சோதினை, பல்கலைக்கழகம் போக எழுதுகிற பரீட்சை. விடியப் பள்ளிக்கூடம், பின்னேரம் ரியூசன், வீட்டுக்கு வந்தால் தண்ணி அள்ளுகிற வேலை. அப்பா கப்பல் திருத்துகிற டொக்யாட்டில் தச்சர். சோதினை முடியும்வரை கதைப்புத்தகத்தைத் தொடக்கூடாது, கண்டால் நூலக அட்டை அடுப்புக்குள் போகும் என்று சொல்லிவிட்டார். சொன்னால் செய்கிற மனுசன். நான் விட்டேனா? சோறு கொதிக்கிற பத்து நிமிசத்திலும் பௌதிகக் கொப்பிக்குள் ஒளித்து வைத்து வாசித்தேன்.

ஆறுதலாய்த் தேடி எடுக்க நேரமில்லாததால் ஒரு குறியை நம்பத் தொடங்கினேன். தடித்த பென்சிலில் ஒரு வளையம், நடுவில் குறுக்குக் கோடு. அந்தக் குறி இருந்த புத்தகம் ஒன்றும் என்னை ஏமாற்றியதில்லை. ஆர் இந்த ஆள்? வாத்தியாரா? மூதூரிலிருந்து லோஞ்சுப் படகில் வந்துபோகிற ஆரோ கிளாக்கரா? நூலகத்தில் பென்சிலோடு இருந்த எல்லாரையும் கள்ளனைத் தேடுகிற பொலிஸ் மாதிரிப் பார்த்தேன். விசர் பிடிக்காத குறை.

சோதினைக்கு மூன்று மாதம் இருக்க, அப்பா எனக்கென்று ஒரு மேசை செய்துகொண்டு வந்தார். முதல் நாளே பேனை உருண்டு விழ, எடுக்கக் குனிந்தேன். பலகையின் அடியில் தடித்த பென்சிலில் ஒரு வளையம், நடுவில் குறுக்குக் கோடு. பலகை வெட்ட முன்னம் ஒவ்வொரு தச்சரும் தனக்கென்று போடுகிற அடையாளம்.

ஐயோ! பின்னேரங்களில் கடற்கரைக்குக் காத்து வாங்கப் போவதாகச் சொல்லிவிட்டு அப்பா எங்கே போனார் என்பது அப்போதுதான் விளங்கியது. என் பூவையும் எத்தனை தரம் பார்த்திருப்பார்! கோபமும் வந்தது, சிரிப்பும் வந்தது. மேசைக்கடியில் இருந்தபடியே, நூலகத்துப் புத்தகங்களில் இந்தக் குறி போடுகிறது நீங்களா என்று கேட்டேன்.

அப்பா குனிந்து மேசைக்கடியில் என்னைப் பார்த்தார்.

“ஓம். உன்ர பூவையும் கண்டனான். இந்தக் கதைப்புத்தகங்களோட கிடந்துதான் நான் சோதினையைக் கோட்டை விட்டனான், பிள்ளை.”

நானே போய் நூலக அட்டையை எடுத்து அவர் கையில் கொடுத்தேன். அவர் அதை அடுப்பில் போடவில்லை, சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

“நீ படி. சோதினை முடியுமட்டும் நான் வாசிச்சு வைக்கிறன். நல்லதுக்கு ரெண்டு வளையம்.”

கடைசிப் பேப்பர் எழுதிய கையோடு, வீட்டுக்கும் போகாமல் நூலகத்துக்கு ஓடினேன். ஒவ்வொன்றாய் எடுத்து இருபத்தோராம் பக்கத்தைப் புரட்டினேன். ஏழு புத்தகத்தில் இரண்டு வளையம் இருந்தது. அவற்றில் ஒன்றில், வளையங்களுக்குப் பக்கத்தில், தடித்த பென்சிலால் கோணல்மாணலாய் ஒரு பூ. அந்தப் புத்தகத்தை நான் அதற்குமுன் கண்ணாலும் கண்டதில்லை.

வீட்டுக்கு எடுத்துப்போக நூலக அட்டை அப்பாவிடம் இருந்தது. ஒரு கதிரையை இழுத்துப் போட்டு, பின்னேரம் அவர் வரும்வரை அங்கேயே இருந்து வாசித்தேன்.