தாய்மாமா ஓரத்துல நின்ன படம்

இத எழுதாமலேயே விட்டுருப்பேன். படிவம் மூணோட பள்ளிக்கூடத்துக்கு டாட்டா காட்டுனவன் நான், எனக்கு எழுத்துன்னா வாட்சப்தான். ஆனா நான் எடுத்த படம் எங்க ஊரு லூனாஸ்ல ஒரு வீட்டு ஹால்ல கதவு சைசுக்கு தொங்குது. சொல்லாம இருக்க முடியல லா.

என் கூட்டாளியோட தங்கச்சி கல்யாணம். கூட்டாளி குருண்ல ஃபேக்டரி வேலை, ஆளு கொடிக்கம்பம் மாதிரி ஒல்லி. "ஸ்டூடியோலாம் வேணாம்மா, இவன் எடுப்பான்"னு அவங்க அம்மாகிட்ட வாக்கு குடுத்துட்டான்.

கோயில் மண்டபம். கடைசியா குடும்பப் படம். மேடையில முப்பது பேரு, என் முதுகுக்குப் பின்னாடி சாப்பாட்டு மேசை. பின்னால நகர எடமில்ல. அகல லென்ஸ மாட்டி அடிச்சேன். ஒரு ஓரத்துல கூட்டாளி. இன்னொரு ஓரத்துல பாடாங் மேஹாவுலேருந்து வந்த தாய்மாமா. சீர்த்தட்டெல்லாம் எண்ணி வச்சுட்டு கடைசியா ஏறுனாரு, அதான் ஓரம்.

மாமா கொஞ்சம் பெரிய ஆளு. எனக்கு வாய் சும்மா இருக்குமா? "மாமா, உங்களுக்கு மட்டும் தனியா ரெண்டு படம் எடுத்து ஒட்டணும்"னேன். எல்லாரும் சிரிச்சாங்க. அவரு சிரிக்கல.

மறுநாள் மத்தியானம் லேப்டாப்ல தொறந்து பாத்தா, மாமா முகம் பப்பாளிப்பழம் மாதிரி பக்கவாட்டுல இழுத்துக்கிட்டு நிக்குது. உடம்பு ரெண்டு பங்கு. தூணெல்லாம் வளைஞ்சு போயிருக்கு. கூட்டாளிய கூப்ட்டு காட்டுனேன்.

"ஓரத்த வெட்டிருவோமாடா?"

"தாய்மாமாவ வெட்டுறியா? அம்மாவும் மாமாவும் ரெண்டு வருசமா பேசல. இந்தக் கல்யாணத்துக்குத்தான் வந்தாரு. வெட்டுனா போச்சு. இப்டியே குடுத்தா, நீ வேணும்னே பண்ணதாச் சொல்லுவாரு. உன் வாய் அப்டி."

மறுபடியும் லேப்டாப் முன்னாடி ஒக்காந்தேன்.

நல்லவேளை, ராவ்ல எடுத்திருந்தேன். ராவ்னா கேமரா சமைக்காம பச்சையா குடுக்குற படம், நாமதான் சாஃப்ட்வேர்ல சமைக்கணும். அதுல லென்ஸ் திருத்தம்னு ஒண்ணு இருக்கு. தட்டுனேன். தூணு நேராயிடுச்சு. மாமா இன்னும் குண்டாயிட்டாரு!

கூட்டாளி தலையில கைய வச்சுட்டான். "டேய், மாமா ஃப்ரேம விட்டே வெளிய வந்துருவாரு போல!"

கோடு நேரானா ஓரத்துல நிக்கிற ஆளுங்க இன்னும் இழுபடுவாங்கன்னு அன்னிக்குத்தான் வெளங்குச்சு. எல்லா பட்டனையும் ஒவ்வொண்ணா தட்டிப் பாத்தேன். அடியில ஒண்ணு, ஓரத்து ஆளுங்கள சரி பண்றதுக்குன்னே தனியா இருந்துச்சு. மெதுவா இழுத்தேன். கன்னம் உள்ள போச்சு, தோளு அடங்குச்சு. தூணு லேசா வளைஞ்சுச்சு. வளையட்டும், தூணு கோவிச்சுக்காது. மாமா மாமாவாவே நின்னாரு. ஒரு இஞ்சு கூடவும் இல்ல, ஒரு இஞ்சு கொறையவும் இல்ல.

தங்கச்சி பழைய ஃபிலிம் கலர் கேட்டுச்சு. மொதல்ல போட்ட எஃபெக்ட்டு ஜோராத்தான் இருந்துச்சு, ஆனா தாலிக்கயித்து மஞ்சள் வெளுத்துப் போச்சு. கல்யாணப் படத்துல கயிறு வெளுக்கலாமா? அத தூக்கிப் போட்டுட்டு, மஞ்சளும் கூறைச் செவப்பும் நிக்கிற மாதிரி இன்னொரு ஃபிலிம் எஃபெக்ட்ட தேடிப் போட்டேன். இதெல்லாம் சாஃப்ட்வேருக்குத் தெரியாது. நமக்குத்தான் தெரியும்.

ஞாயித்துக்கெழம கூட்டாளி வீட்டு ஹால்ல படத்த மாட்டுனாங்க. மாமா வந்தாரு. கண்ணாடி மாட்டிக்கிட்டு கிட்ட போய் பாத்தாரு. நான் கதவுகிட்டயே நின்னேன், ஓடுறதுக்கு வசதியா.

"தம்பி."

"சொல்லுங்க மாமா."

"வாய் மட்டும்தான் கோணல். கை நேரு." தன் தங்கச்சிய, அதான் கூட்டாளியோட அம்மாவப் பாத்து, "எனக்கும் ஒரு காப்பி போட்டுக் குடுக்கச் சொல்லு, எங்க வீட்ல மாட்டணும்"னாரு. அவங்க, "நானே கொண்டாறேண்ணே"ன்னாங்க. கண்ணத் தொடச்சுக்கிட்டு தேத்தண்ணி கலக்கப் போனாங்க.

வீட்டுக்கு வந்து காலரத் தூக்கி விட்டுக்கிட்டு கூட்டாளிக்கு மெசேஜ் போட்டேன்: "பாத்தியாடா? லூனாஸ்ல என்னைய மாதிரி ஒருத்தன் இருக்கானா?"

பதில் வந்துச்சு: "மொத படத்துல எனக்கு ஜிம் பாடி இருந்துச்சுடா, அத மட்டும் திருப்பிக் குடு."