மிதித்தால் பாடும் பெட்டி

கிடாரை மட்டும் விற்றால் வேலை அன்றோடு முடிந்தது. கூடவே எஃபெக்ட்ஸ் பெட்டியையும் விற்றுவிட்டால், வாங்கியவரும் நீங்களும் அன்றிலிருந்து ஒரே குடும்பம்.

மிக்சி ரிப்பேரோ, செல்போன் சர்வீஸோ, தையல் மெஷினோ, அடுத்தவர் சாமானை மேசைமேல் வாங்கி வைத்துக்கொண்டு, உள்ளுக்குள் ஒன்றும் விளங்காமல், வெளியே மட்டும் "பாத்துரலாம், விடுங்க" என்று சொல்கிற அத்தனை பேருக்கும் வணக்கம். நானும் உங்களில் ஒருத்தி.

மயிலாப்பூர் குளத்துக்குப் பின்னால் ஒரு தெருவில் எங்கள் இசைக்கருவிக் கடை. முதலாளி பஷீர் பாய். நான் அங்கே பில் போடத்தான் சேர்ந்தேன். எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் நான் பார்த்த ஒரே வாத்தியம், ஹெட்மாஸ்டர் அறைக்கு வெளியே தொங்கிய தண்டவாளத் துண்டு. சர்வீஸ் மேசையில் இருந்த டேனியல் அண்ணன் துபாய்க்குப் போய்விட்டார். பில் போடுவதற்குப் பாயின் மருமகள் வருவதாகவும் முடிவாகிவிட்டது. பாய் என்னைக் கூப்பிட்டார்.

"செல்வி, டேனியல் மேசையை நீ பாரும்மா. பெட்டி செய்யற கம்பெனி ஆள் துணை இல்லாம சமாளிச்சிட்டேன்னா மேசை உனக்குத்தான். முடியலைன்னா அவங்க ஆளையே உக்கார வெச்சிட்டு, உன்னை அம்பத்தூர் குடோனுக்கு மாத்திடறேன்."

என் மகள் நிலா மந்தைவெளியில் ஒன்றாம் வகுப்பு படிக்கிறாள். மதியம் பள்ளி விட்டதும் ஓடிப்போய்க் கூட்டிவந்து கடையிலேயே உட்கார வைத்துக்கொள்வேன். பாய் அதற்கு ஒன்றும் சொல்லமாட்டார். அம்பத்தூரிலிருந்து எப்படி ஓடுவது? ஆக, மேசை போனால் வேலையே போனமாதிரிதான். "பாத்துரலாம் பாய்" என்றேன்.

பெட்டியைப் பற்றி ஒரு வார்த்தை. தரையில் வைத்துக் காலால் மிதிக்கிற பெட்டி அது. கிடாரின் சத்தம் ஒரு வயர் வழியாக இதற்குள் போய், கிணற்றுக்குள்ளிருந்து வருகிறமாதிரி எதிரொலியோடோ, ரம்பம் அறுக்கிறமாதிரி கரகரப்போடோ இன்னொரு வயர் வழியாக ஸ்பீக்கருக்குப் போகும். உள்ளே என்ன நடக்கிறது என்று என்னைக் கேட்காதீர்கள். கேட்டால் "பாத்துரலாம்" என்பேன்.

விளக்கு எரிகிறது, சத்தம் இல்லை

மேசைக்கு வந்த முதல் ஆள் ஒரு ஐடி கம்பெனித் தம்பி. "எல்லா லைட்டும் எரியுதுக்கா, சத்தம் மட்டும் வரலை" என்றார். வயரை மாற்றினேன். அடாப்டரை மாற்றினேன். கிடாரை மாற்றினேன். ஸ்பீக்கரை மாற்றினேன். கடையில் மாற்ற பாக்கி இருந்தது நானும் பாயும்தான். பெட்டியின் சின்னத் திரையில் 'E' என்று ஒரு எழுத்து மட்டும் நின்றது. எரர் என்பதைச் சுருக்கிப் போட்டிருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். முதல் பெட்டிக்கே கம்பெனி ஆளைக் கூப்பிடுவதா?

வேர்த்துப்போய், மின்விசிறியைப் பெரிதாக வைக்க எழுந்தேன். எழுந்த வேகத்தில் தரையிலிருந்த பெட்டியை மிதித்துவிட்டேன். தம்பி தட்டிக்கொண்டிருந்த தந்தி டங்கென்று கடை அதிர ஒலித்தது. அந்தப் பெட்டிக்குள்ளேயே சுருதி சேர்க்கிற வசதி ஒன்று இருக்கிறது. பொத்தானைக் கொஞ்ச நேரம் அழுத்தியே வைத்திருந்தால் அதற்குள் போய்விடும். கூட்டத்துக்கு முன்னால் 'டொய்ங் டொய்ங்' என்று கேட்கக் கூடாதென்று, அப்போது சத்தத்தை அதுவே நிறுத்திவிடும்; மறுபடி மிதித்தால்தான் திரும்ப விடும். 'E' என்றால் எரர் இல்லை, தந்தியின் பெயர். இதெல்லாம் டேனியல் அண்ணனுக்குத் துபாய்க்குப் போன் போட்டுக் கேட்ட பிறகு தெரிந்தது. அந்த நிமிடம் எனக்கு ஒன்றும் தெரியாது. "இப்ப என்னக்கா பண்ணீங்க?" என்றார் தம்பி. "தெரியாம மிதிச்சிட்டேன்பா" என்று உள்ளதைச் சொன்னேன். அவர் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி.

"அப்பாடா! நானும் வீட்ல அதேதான்க்கா, தெரியாம மிதிச்சிட்டேன்."

மிதிக்கலாமா, கூடாதா?

கச்சேரி ரோடு பக்கமிருந்து ஒரு அப்பாவும், காலேஜ் படிக்கும் மகளும் வந்தார்கள். பெட்டியில் ஒவ்வொரு தடவை சத்தம் மாற்றும்போதும் பாட்டு நடுவில் நின்று போகிறதாம். என்ன கோளாறென்று பார்க்க, வாசித்துக் காட்டச் சொன்னேன். அப்பா உடனே ஒரு ஸ்டூலைக் கொண்டுவந்து, மேலே துண்டை விரித்து, அதன்மேல் பெட்டியைப் பவ்யமாக வைத்தார். மகள் வாசித்தாள். சத்தம் மாற்ற வேண்டிய இடத்தில் கிடாரை விட்டுவிட்டுக் குனிந்து கையால் பொத்தானை அழுத்தினாள். பாட்டு நின்றது.

"சார், இது காலால மிதிக்கறதுக்குன்னே செஞ்சதுங்க" என்றேன். "வாத்தியத்தைக் காலால மிதிக்கறதாவது! எங்காத்துல ஒரு புஸ்தகத்தைத் தெரியாம மிதிச்சாக்கூடத் தொட்டுக் கண்ணுல ஒத்திண்டுதான் அடுத்த அடி வெப்போம்" என்றார். "அப்பா, இது வாத்தியம் இல்லை, மெஷின்" என்றாள் மகள். "பாடறதோன்னோ? அப்போ வாத்தியம்தான்." நானும் சின்ன வயதிலிருந்து அப்படியே வளர்ந்தவள். கடைசியில் பெட்டியோடு வயரில் மாட்டுகிற, தனியான ஒரு மிதி சுவிட்சைக் காட்டினேன். பெட்டி ஸ்டூலிலேயே இருக்கும், சுவிட்ச் மட்டும் தரையில். அப்பா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மகள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"இது வெறும் சுவிட்ச். இதை மிதிச்சா தோஷமில்லை. ஆனா செருப்புக் காலோட மிதிக்கப்படாது, சொல்லிட்டேன்."

சாயங்காலம் மட்டும் வருகிற தாளம்

தி. நகரில் வீட்டிலேயே கிடார் கற்றுக்கொடுக்கிற வித்யா மேடம், பெட்டியை மறுபடி மறுபடி தூக்கிக்கொண்டு வந்தார். சாயங்காலமானால் பின்னணியில் 'கிர்... கிர்கிர்... கிர்...' என்று ஒரு தாளம் கேட்கிறதாம். கடையில் போட்டால் சுத்தமாக இருக்கும். வீட்டுக்குப் போனால் திரும்பவும் கிர்ர். கூடவே வந்த ஒரு மாணவன் அதைப் பெட்டியோடு வந்த டிரம்ஸ் என்று நினைத்து அதற்கேற்ப வாசிக்கவே பழகிவிட்டான். "கம்பெனிக்குப் போன் போட்டுடலாமா?" என்று பாய் பேச்செடுத்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "வீட்டுக்கே போய்ப் பாக்கறேன் பாய்" என்று நிலாவையும் இழுத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

பெட்டியைச் சோபாவுக்கு இந்தப் பக்கம் வைத்தோம், அந்தப் பக்கம் வைத்தோம். சத்தமே இல்லை. மேடம் பாவம், பொய் சொன்னவர்மாதிரி முழித்தார். விளக்கேற்றும் நேரம் வந்தது. அவருடைய மாமியார் வந்து சாமி படத்தைச் சுற்றியிருந்த சீரியல் லைட்டைப் போட்டார். கிர்... கிர்கிர்... கிர்! சிவப்பு எரியும்போது ஒரு கிர், பச்சைக்கு இரண்டு கிர். சாமி லைட்டும் பெட்டியும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் சொருகியிருந்தன. நான் துள்ளிக் குதித்து, "அம்மா, கிளாஸ் நடக்கற நேரத்துக்கு மட்டும் அந்த லைட்டை அணைச்சு வெச்சா போதும், எல்லாம் சரியாயிடும்" என்றேன். மாமியார் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"சாமியை எதுக்கும்மா அணைக்கணும்? அந்தப் பொட்டியை அணைக்கச் சொல்லு, எல்லாமே சரியாயிடும்."

(அடுத்த அறையில் வேறு பிளக் பாயிண்ட் இருந்தது. குடும்பம் பிழைத்தது.)

எல்லாம் போட்ட சத்தம்

ஊரூர் ஒல்காட் குப்பத்திலிருந்து அருள் வந்தான். மாதா கோயில் பாட்டுக் குழுவில் கிடார் வாசிக்கிறவன். "யக்கா, பொட்டி பேஜார் பண்ணுது. நா ஒரு தபா தட்னா அது பத்து தபா கத்துது. ஃபாதரு, 'பாட்டு எங்கடா கீது, இரைச்சல்தான் கீது'ன்றாரு. திருவிழா வருது, சரி பண்ணலன்னா என்னிய ஓரங்கட்டிடுவாங்க" என்றான்.

போட்டுப் பார்த்தேன். கடலுக்குள்ளிருந்து யாரோ லாரி ஹாரன் அடிக்கிறமாதிரி இருந்தது. திரையைப் பார்த்தால், பெட்டியில் இருக்கிற அத்தனை எஃபெக்டும் ஒன்றாக ஓடிக்கொண்டிருந்தது. எதிரொலி, அதற்குமேல் இன்னொரு எதிரொலி, நடுக்கம், கரகரப்பு, எல்லாம். வாங்கிய பொருளில் எதையும் வீணாக்கக் கூடாதென்று எல்லாவற்றையும் போட்டு வைத்திருக்கிறான். எந்தப் பெயர் எந்தச் சத்தம் என்பது எனக்கும் அப்போது பாதிதான் தெரியும். ஆகவே ஒவ்வொன்றாக அணைத்துக்கொண்டே வந்தேன். அணைக்க அணைக்க நன்றாக இருந்தது. கடைசியில் எதிரொலி ஒன்றை மட்டும் லேசாக விட்டேன். கிடார் கிடாராகக் கேட்டது. அவனுக்குச் சந்தோஷப்படுவதா சண்டை போடுவதா என்று தெரியவில்லை.

"இன்னாக்கா இது, அத்தினியும் கீதுன்னுதான வாங்கிக்கினு போனேன், நீ என்னடான்னா அத்தினியையும் ஆஃப் பண்ணிட்டு ஷோக்கா கீதுன்ற!"

பெட்டிக்குள் விதை

கடைசியில் என்னை மடக்கியது கார்த்தியின் பெட்டி. மந்தைவெளிப் பையன், கல்யாண ரிசப்ஷன்களில் வாசிக்கிறவன். வாங்கிப் போய் அதிக நாள் ஆகவில்லை. பெட்டியின் ஓரத்தில் கார் ஆக்சிலேட்டர்மாதிரி ஒரு மிதி இருக்கும், அழுத்தினால் சத்தம் கூடும். அது பாதியிலேயே ஒட்டிக்கொள்கிறது. சத்தம் தானாக ஏறுகிறது, தானாக இறங்குகிறது. ஞாயிற்றுக்கிழமை அடையாறில் அவனுக்கு நிகழ்ச்சி. துடைத்தேன், பெட்டியோடு வந்த புத்தகத்தில் போட்டிருந்த அமைப்பெல்லாம் மாற்றினேன், டேனியல் அண்ணனைக் கேட்டேன். ஒன்றுக்கும் மசியவில்லை. பாய் போனை எடுத்தார். கம்பெனி ஆள் வருகிறார் என்றதும் எனக்குக் குடோன் வாசனையே வந்துவிட்டது.

பெங்களூரிலிருந்து பிரவீன் என்பவர் லேப்டாப்போடு வந்தார். நல்ல மனிதர், நிலாவுக்குச் சாக்லேட்கூடக் கொடுத்தார். பெட்டியைக் கழற்றி டார்ச் அடித்துப் பார்த்தார். மூக்கை உள்ளே வைத்து முகர்ந்தார். பிறகு ஒரு இடுக்கியால் எதையோ எடுத்து வெள்ளைத் தாளில் வைத்தார். விதை. "இதுக்குள்ள என்ன சார் ஊத்தினீங்க?" என்று கேட்டார். "நான் ஒண்ணுமே பண்ணலையே சார்" என்றான் கார்த்தி. "ஈரத்துல வெச்சீங்களா?" "இல்ல சார்." "ஜூஸ் ஏதாவது?" "நான் ஜூஸே குடிக்க மாட்டேன் சார்." ஒரு மணி நேரமாக இதே பாட்டு. என்ன ஊற்றியது என்று தெரியாமல் எந்த மருந்து போட்டுக் கழுவுவது என்று பிரவீன் தலையைப் பிய்த்துக்கொண்டு டீ குடிக்கப் போனார்.

அவர் படி இறங்கியதும் கார்த்தி என் பக்கம் குனிந்தான். "அக்கா, உங்ககிட்ட சொல்றதுக்கென்ன. புது வண்டி வாங்கினா சக்கரத்துக்கு அடியில எலுமிச்சம்பழம் வெச்சு ஏத்துவோம்ல? அம்மா, இதுக்கும் வெக்கணும்னாங்க. இதுல சக்கரம் எங்க இருக்கு? மிதிக்கற இடம் அது ஒண்ணுதான். அதுக்கடியில பழத்தை வெச்சு, 'மிதிடா ராசா'ன்னுட்டாங்க. மிதிச்சிட்டேன்." "அதை அவர்கிட்ட சொல்றதுக்கென்னப்பா?" "ஐயோ, அவரு பெரிய இன்ஜினியருக்கா. எலுமிச்சம்பழம்னு எப்படிச் சொல்றது?"

சிரிக்கவா, அழவா? பிரவீன் வந்ததும், கார்த்தியைத் தலையாட்ட வைத்து, நான் சொன்னேன். அவர் விதையை இடுக்கியால் இன்னொரு தடவை புரட்டிப் பார்த்தார். "எங்க வீட்ல என் பைக்குக்கு வெச்சாங்க. அது வெளிய இருந்துச்சு, மழையில கழுவிக்கிச்சு" என்றார். புளிப்புக்கு என்ன போட வேண்டுமோ அதைப் போட்டுத் துடைத்தார். மிதி வெண்ணெய்மாதிரி இறங்கியது. கார்த்தி பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓடினான்.

எனக்கு மட்டும் ஓட இடமில்லை. கம்பெனி ஆள் வந்துதான் சரியாயிற்று, பேச்சு அப்படித்தானே? நிலாவின் பையை எடுத்து மாட்டிக்கொண்டு பாய் முன்னால் போய் நின்றேன். "மேசைச் சாவி, பாய்" என்று நீட்டினேன். அவர் வாங்கவில்லை. "கழட்டிப் பாக்க வேண்டியது வந்தா மட்டும் நீங்க வாங்க, போதும்" என்று பிரவீனிடம் சொல்லிவிட்டு, "மேசை உனக்குத்தான்மா" என்று என் பக்கம் திரும்பினார். "எதுக்கு பாய்? எனக்குத்தான் ஒண்ணுமே தெரியலையே" என்றேன்.

"உனக்கும் தெரியாதுன்னு அவங்களுக்குத் தெரியும்மா, அதனாலதான் வெக்கப்படாம உண்மையைச் சொல்றாங்க. நீ தெரிஞ்சமாதிரி ஆயிடாதே, வியாபாரம் படுத்துடும்."

ஆக, இத்தனை படித்தவர்கள் இருக்கிற மயிலாப்பூரில், தெரியாது என்பதற்காகவே வேலை நிரந்தரமான ஆள் அநேகமாக நான் ஒருத்திதான்.