வேகாத குறடு

சிந்து எங்கள் கிளினிக்கில் சேர்ந்த முதல் வாரத்திலேயே, இந்தப் பெண் தேறமாட்டாள் என்று நான் சொல்லிவிட்டேன். பெரம்பலூரில் பல் டாக்டர் கவியாவிடம் டோக்கன் போட்டு ஆட்களை உள்ளே அனுப்புகிற வேலை எனக்கு. எத்தனை முகம் பார்த்திருப்பேன்! அவள் முகத்தில் பயத்தைத் தவிர ஒன்றையும் காணோம்.

எறையூர்க்காரி. அப்பா தங்கசாமி கரும்பு வெட்டப் போகிறவர். பிளஸ் டூ முடித்துவிட்டு, டாக்டர் பக்கத்தில் நின்று உதவும் வேலையைப் பழக வந்தாள். முதல் பல் பிடுங்கும்போதே ரத்தத்தைப் பார்த்து மயங்கி விழுந்தாள். அப்புறம் ஒருநாள் எச்சில் உறிஞ்சும் குழாயைத் தொண்டைவரை விட்டதில், ஒரு பெரியவர் டாக்டரின் வெள்ளைக் கோட்டிலேயே வாந்தி எடுத்துவிட்டார்.

"இன்னொரு தப்பு நடந்துச்சுன்னா எறையூர் பஸ்ல ஏத்தி விட்டுருவேன்" என்றார் டாக்டர். சும்மா மிரட்டுகிறவர் இல்லை அவர்.

"போனாப் போவுது, வேற வேலை பாரேன்டி" என்றேன் நான்.

"இது போச்சுன்னா தையில எங்க மாமாவுக்குக் கட்டி வெச்சிருவாங்கக்கா. அப்பா கண்டிசனா சொல்லிட்டாரு. எனக்கு அந்த ஆளப் பாத்தாலே ஆவாது."



வேலை தெரிந்த பழைய பெண் பிரசவத்துக்குப் போய்விட்டதால், டாக்டருக்கு உதவ ஒருநாள் சிந்து மட்டும்தான் இருந்தாள். லப்பைக்குடிகாட்டிலிருந்து ஆகிப் என்ற பையனைக் கூட்டிக்கொண்டு அவன் அம்மா ஆயிஷா பீவி வந்தார். கடைவாய்ப் பல் வலியில் பையன் தூங்கியே பல நாளாகிவிட்டதாம்.

"டாக்டரம்மா, நாளைக்கு எம்புள்ள துபாய் போவுது. அங்க போயி வலியோட யாருகிட்ட நிப்பான்? இன்னிக்கே எடுத்து வுட்ருங்க."

டாக்டர் மரத்துப்போக ஊசி போட்டார். நான் பாதிக் கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"சிந்து, கொறடு" என்று கையை நீட்டினார்.

பல் பிடுங்கும் குறட்டைக் கவரில் போட்டு ஒட்டி, கிருமி சாக நீராவிப் பெட்டியில் வேகவைப்பது எங்கள் வழக்கம். கவர் ஓரத்தில் ஒரு கோடு இருக்கும். முழுசாக வெந்தால் அது கறுத்துவிடும். அதைப் பார்த்துவிட்டுத்தான் கவரைக் கிழிக்க வேண்டும். சிந்து பார்த்தாள். கோடு வெளுத்தே கிடந்தது.

காலையில் கரண்ட் போய் வந்ததை நாங்கள் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. விளக்கும் விசிறியும் இன்வெர்ட்டரில் ஓடின. அந்தப் பெட்டிக்கு மட்டும் இன்வெர்ட்டர் இழுக்காது. பாதியில் நின்றிருக்கிறது. கவர்கள் சூடாக இருக்கவே, முடிந்துவிட்டதென்று எடுத்து அடுக்கிவிட்டாள் இவள்.

"கொறடும்மா!"

கொடுக்கவில்லை. கவரை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஐயோ, மறுபடியும் மயங்கப் போகிறாள் என்று நான் கதவைத் தள்ளக் கை வைத்தேன். குடுத்துத் தொலையேன்டி!

"மேடம், இது வேகல."

நாற்காலியில் ஆள் இருக்கும்போது அவரைப் பயமுறுத்தும் பேச்சே கூடாது என்பது டாக்டரின் கண்டிப்பு. வாயைத் திறந்தபடியே ஆகிப் கண்ணை உருட்டினான். டாக்டரின் முகம் சிவந்துவிட்டது.

"எல்லாக் கவருமா?"

"எல்லாந்தான் மேடம். பாக்காம எடுத்து அடுக்கிட்டேன். என் தப்புதான்."

"வெளிய போ. முதல்ல திரும்பப் போடு."

பெட்டியை ஓடவிட்டு வந்து நின்றவளிடம் ஆயிஷா பீவி, "என்னாச்சு, ஏன் நிறுத்திட்டாங்க?" என்று கேட்டார். மெஷின் ரிப்பேர் என்று நான் சொல்ல வாயெடுத்தேன். இந்தப் பைத்தியம் முந்திக்கொண்டது.

"நான் சரியா வேகவைக்காம எடுத்துட்டேம்மா. அத உங்க மகன் வாயில வெச்சிருந்தா, முன்ன வந்தவங்க நோவு தொத்தியிருக்கும்."

"யா அல்லாஹ்! எந்திரி தம்பி, நம்ம வேற எடம் பாப்போம்!"

ஆகிப் பாதி மரத்த வாயோடு எழுந்து வந்தான். "இதுக்கு முன்னாடி எத்தன எடத்துல பல்லு பாத்திருக்கோம். எவனாச்சும் சொன்னானாம்மா? இரு" என்று குழறிக்கொண்டே உட்கார்ந்துவிட்டான்.

பெட்டி உறுமிக்கொண்டிருந்தது. மரப்பு விட்டுப்போனால் இன்னொரு ஊசி. கரண்ட் போனால் எல்லாம் போச்சு. ஒருமுறை டியூப் லைட் கண்ணடித்தது, எனக்கு உயிரே போய்விட்டது. சிந்து பெட்டியை விட்டு அசையவில்லை. அவள் உதடு மட்டும் அசைந்தது. எந்தச் சாமியைக் கூப்பிட்டாளோ!

கோடு கறுத்த கவரை அவளே கொண்டுபோய் ஆயிஷா பீவியின் கண்ணெதிரில் காட்டிவிட்டுத்தான் உள்ளே போனாள். டாக்டர் கேட்டதும் குறட்டைச் சரியாக நீட்டினாள். பல் வந்துவிட்டது. போகும்போது ஆயிஷா பீவி யாரிடமும் முகம் கொடுத்துப் பேசவில்லை.

சாயங்காலம் சிந்து சாப்பாட்டு டப்பாவைப் பையில் போட்டுக்கொண்டு, டாக்டர் எதிரில் போய் நின்றாள். டாக்டர் கை கழுவிக்கொண்டே பேசினார்.

"உம்மேல இருக்குற கோவம் எனக்கு இன்னும் போகல."

"சரிங்க மேடம்."

"என் குட்டிப் பையனுக்குப் பால்பல் விழாம, அடியில புதுப்பல் முட்டிக்கிட்டு நிக்குது. நாளைக்குக் காலையில எடுக்கணும். நீ சீக்கிரம் வந்து கொறட வேகவை."

எனக்கு அழுகையே வந்துவிட்டது. அந்தக் கழுதை அழவில்லை.

"மொத பஸ்ஸுக்கே வந்துடறேன் மேடம்" என்றாள்.