வெர்னா உடைத்த கண்ணாடி

வெர்னா குபியாக் கோபக்காரி என்பது டொலீடோ நகரத்தின் அந்தச் சின்னக் கண்ணாடித் தொழிற்சாலையில் எல்லோருக்கும் தெரியும். காபி ஆறிப்போனாலும் கத்துவாள், பேஸ்பால் அணி தோற்றாலும் கத்துவாள். ஆனால் முப்பத்தோரு வருடங்களில் அவள் உண்மையாகக் கொதித்தது ஒரே ஒரு நாள்தான். அது ஒரு குப்பைப் பையைக் கட்டும்போது ஆரம்பித்தது.

வியாழக்கிழமை காலை. மேஜைக்கடியில் நிரம்பி வழிந்த பையின் வாயைக் கட்டக் கயிறு தேடினாள். அகப்படவில்லை. முந்தைய நாள் சீவிப்போட்ட பிளாஸ்டிக் பிலிம் துண்டு ஒன்றை உருவிச் சுற்றி முடிச்சுப் போட்டாள்.

முடிச்சு விழுந்தது. அவள் கை அப்படியே நின்றுவிட்டது.

இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே பிலிமை வைத்து, பெரிய அழுத்த உலையில் சூடாக்கி ஒன்றாக ஒட்டுவார்கள். விளிம்பில் பிதுங்கி நிற்கும் பிலிமைக் கத்தியால் சீவுவது வெர்னாவின் வேலை. பிலிமில் இரண்டு வகை. மெத்தென்றது கார்களுக்கு. உடைந்த சில்லுகள் முகத்தில் தெறிக்காமல் பிடித்துக்கொள்ளும், அவ்வளவுதான். விறைப்பானது மாடி விளிம்பில் தடுப்பாக நிற்கும் கைப்பிடிகளுக்கு. இரண்டு கண்ணாடியும் நொறுங்கினாலும் நிமிர்ந்து நின்று சாய்ந்தவரைத் தாங்கும். அதை வளைத்தால் முறியுமே தவிர, முடிச்சு விழாது.

நேற்று அவள் சீவியது எட்டுக் கண்ணாடிகள். எல்லாம் புது நூலகத்தின் இரண்டாம் மாடிக் கைப்பிடிக்கு. சனிக்கிழமை திறப்பு விழா. அவளுடைய தேவாலயத்துப் பிள்ளைகள் நாற்பது பேர் அந்தக் கைப்பிடி ஓரமாக நின்று பாடப்போகிறார்கள்.

"என்னடி, பேயறைஞ்ச மாதிரி நிக்கிற?" என்றாள் பக்கத்து மேஜை டோரீன்.

"இத முறி பாக்கலாம்."

டோரீன் வளைத்தாள். துண்டு ரப்பர் மாதிரி வளைந்து கொடுத்தது. "இது கார் பிலிம்டி! நேத்து உன் கத்திக்குத் தெரியலையா?"

"சூடா இருந்துச்சு" என்றாள் வெர்னா.

உலையிலிருந்து வந்த கண்ணாடியை முழுக்க ஆறவிட்டுத்தான் சீவ வேண்டும். ஆறிய விறைப்பு பிலிம் கத்தியோடு மல்லுக்கட்டும், மெத்தென்றது சத்தமில்லாமல் வழிவிடும். வெர்னா கண்ணை மூடிக்கொண்டே வித்தியாசம் சொல்லிவிடுவாள். சூட்டிலோ எல்லாப் பிலிமும் வெண்ணெய்தான். நேற்று மேலாளர் லைல் பிராண்ட்வால்ட் தானே வந்து நின்று, "லாரி காத்திருக்கு வெர்னா, சூட்டோட சீவிடுங்க" என்று சொல்லி ஒரு டோனட்டையும் நீட்டினான். என்றைக்கும் இல்லாத மரியாதை. வெர்னா தின்றாள். சீவினாள்.

இப்போது அந்தப் பிலிம் துண்டைக் கையில் சுருட்டிக்கொண்டு மேலாளர் அறைக் கதவைத் தள்ளினாள்.

"லைல், அந்த எட்டுல என்ன பிலிம் வச்ச?"

"முதல்ல கதவச் சாத்துங்க."

"சாத்த மாட்டேன். ஊரே கேக்கட்டும்!"

லைல் நெற்றியைத் தேய்த்தான். "விறைப்பு பிலிம் கிடைக்கல வெர்னா. உலகத்துல அதச் செய்யறவங்களே கொஞ்சம் பேரு. பெரிய கம்பெனிங்க மொத்தமா வாங்கி அடுக்கிட்டாங்க. நமக்குப் பன்னெண்டு வாரம் ஆகுமாம். நூலகக்காரங்க அதுவரைக்கும் காத்திருப்பாங்களா? நம்மள மாதிரி சின்ன ஆளு என்னதான் பண்றது?"

"இல்லேன்னு சொல்றது! வாய்ல என்ன கொழுக்கட்டையா?"

"ரெண்டு கண்ணாடியும் சேர்ந்து உடைஞ்சாத்தானே வித்தியாசமே தெரியும்? எங்க உடையப்போகுது?"

"உடையற நாளுக்காகத்தானேடா அந்தப் பிலிமே! உடையாத வரைக்கும் நடுவுல ஜாம் தடவி வச்சாக்கூட நிக்கும்!"

லைலின் குரலில் இருந்த தேன் வற்றியது. "சூட்டோட சீவினது யாரு? விசாரணைன்னு வந்தா முதல்ல உன் பேருதான் வரும். போய் வேலையப் பாரு."

ஒரு டோனட்டுக்கு முப்பத்தோரு வருடத்தையும் வாங்கிவிட்டானே! பிள்ளைகள் விழுந்தாலும் பரவாயில்லை, பழியைப் போட ஒரு கிழவி இருக்கிறாள் என்று கணக்குப் போட்டுத்தானே அந்த டோனட்டை நீட்டினான்! வெர்னா வெளியே வந்தாள். சோதனை மேஜையிலிருந்து, கண்ணாடி உடைக்கும் விரல் நீளக் குத்தூசியை எடுத்து மேலங்கிக்குள் போட்டுக்கொண்டு தன் டிரக்கைக் கிளப்பினாள்.

நூலகத்தில் எட்டும் ஏற்கெனவே மாட்டியாகிவிட்டது. வெயில் பட்டு அவ்வளவு அழகாக நின்றன. கட்டட மேற்பார்வையாளர் எஸ்ரா டோலிவர் சூரியகாந்தி விதை மென்றபடி வழிமறித்தார்.

"ஹெல்மெட் இல்லாம மேல ஏறக்கூடாதும்மா. யாரு நீங்க?"

"இந்தக் கண்ணாடியச் சீவினவ. உள்ள தப்பான பிலிம் இருக்கு. ஆறவிடாம வெட்டி நானும் கோட்டை விட்டுட்டேன்."

"பேப்பர்ல எல்லாம் சரியா இருக்கே?"

"பேப்பரா பிள்ளைங்களத் தாங்கப்போகுது?"

எஸ்ரா தொழிற்சாலைக்குப் போன் போட்டார். இருபது நிமிடத்தில் லைல் மூச்சிரைக்க மாடியேறி வந்தான். முகத்தில் பழைய சிரிப்பு. "மன்னிச்சுக்குங்க சார். ரொம்ப நல்ல பொம்பள, கொஞ்ச நாளா மனசு சரியில்ல. விறைப்பு பிலிம்தான் இருக்கு, நான் பொறுப்பு."

"பொறுப்பா?" வெர்னா அவன் சட்டைக் கையைப் பிடித்து முதல் கண்ணாடியின் அருகே இழுத்தாள். "அப்ப இதுல சாஞ்சு நில்லு. நான் ரெண்டையும் உடைக்கிறேன். விறைப்புன்னா உன்னைத் தாங்கும். நில்லுடா!"

லைல் கையை உதறிக்கொண்டு இரண்டடி பின்னால் போனான்.

எஸ்ரா மெல்லுவதை நிறுத்தினார். லைலை ஒருமுறை, கண்ணாடியை ஒருமுறை பார்த்தார். பிறகு மாடி விளிம்பில் குனிந்து, கீழே இருந்தவர்களை வெளியே போகச் சொன்னார். "உடைங்கம்மா."

வெர்னா முன்பக்கம் ஒரு குத்து, பின்பக்கம் ஒரு குத்து வைத்தாள். கண்ணாடி முழுவதும் ஒரு நொடியில் வெள்ளை வெளேரென்று நொறுங்கியது. ஒரு கணம் நின்றது. பிறகு ஈரப் போர்வை மாதிரி இடுப்பு மடிந்து, வெளிப்பக்கம் சரிந்து தொங்கியது. நாற்பது பிள்ளைகளின் முகங்களும் அவள் கண்ணுக்குள் ஒன்றாக வந்து போயின. அவள் வாயைப் பொத்திக்கொண்டு விம்மினாள். துக்கம் பாதி, ஆத்திரம் பாதி.

"சனிக்கிழமை விழா கிடையாது" என்றார் எஸ்ரா, தாழ்ந்த குரலில். "ஆளுங்கள விட்டு மிச்சம் ஏழையும் கழட்டித் திருப்பி அனுப்பறேன். நீங்க உக்காருங்கம்மா."

"திருப்பி அனுப்பினா?" வெர்னா கண்ணீரைப் புறங்கையால் துடைத்தாள். "வேற ஊர்ல, வேற மாடியில கொண்டுபோய் மாட்டுவான்."

"இனிமே நீ தொழிற்சாலைப் பக்கமே வராதே!" என்று லைல் கத்தினான்.

"வரல. உன் மூஞ்சியப் பாக்க எனக்கும் ஆசையில்ல." அவள் இரண்டாவது கண்ணாடியின் முன்னால் போய் நின்று, குத்தூசியை வைத்து அழுத்தினாள்.

யாரும் தடுக்கவில்லை.