ஒரே வீட்டின் இரண்டு டப்பாக்கள்

ஷௌகி அலெக்சாந்திரியாவில் டிராம் ஓட்டினார். கழிப்பறை கடைசி நிறுத்தத்தில்தான். அதனால் அடக்கியே பழகினார். அந்தப் பழக்கம் அவரை விடவில்லை. காலையில் அவர் கழிப்பறைக்குள் போய்த் தாழ் போட்டால், மனைவி நர்கிஸ் பக்கத்து வீட்டுக்கும் கேட்கச் சொல்வாள்: "துரை ஆபீசுக்குப் போயிட்டாரு. இனி மத்தியானம்தான்." மகள் ஈரினியும் சேர்ந்து சிரிப்பாள்.

ஓய்வு பெற்றபின் வலது கை நடுங்கியது. பார்க்கின்சன் என்றார்கள். மாத்திரை சரியாக வேலை செய்யவில்லை.

ஈரினி வேலை பார்த்த ஆய்வுக்கூடம் அந்த நோயைக் குடலில் தேடிக்கொண்டிருந்தது. கை நடுங்குவதற்குப் பல வருடம் முன்பே பலருக்கு மலச்சிக்கல் வந்துவிடுகிறது. குடல் பாக்டீரியாக்களின் கலவை மாறிப்போகிறது. அவற்றில் சில, மாத்திரை மூளைக்குப் போகுமுன்பே அதைத் தின்றுவிடக்கூடும். அப்பாவுக்கு அதுதானா என்று பார்க்க இரண்டு டப்பா வேண்டும்: அவர் மலம் ஒன்று, ஒப்பிட, அதே பானைப் பயறு சாப்பிடும் மனைவியின் மலம் ஒன்று.

"பேரு இருக்காதுப்பா. நம்பர் மட்டும்தான்."

"திறக்கிறது யாரு?"

"நான்தான்."

ஷௌகி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "ஊரானோடதைக் கிளறவா உன்னைப் படிக்க வெச்சேன்?"

"படிச்சதால கிளறுறா. படிக்கலேன்னா கழுவிக்கிட்டிருப்பா," என்றாள் நர்கிஸ்.

ஆனாலும் அந்த வாரமே இரண்டு டப்பாவும் வந்தன.

எந்த இருவர் குடல் பாக்டீரியாவும் அச்சாக ஒன்றுபோல் இருக்காது, கணவன் மனைவியானாலும். இந்த இரண்டு டப்பாவிலும் அப்படித்தான் இருந்தன. ஈரினி தன் கைத்தவறு என்று நினைத்து மறுபடி செய்தாள். அதே விடை. வீட்டுக்குப் போய் அம்மாவைக் கேட்டாள்.

நர்கிஸ் பயற்றில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். "ரெண்டும் என்னோடதுதான். 'என் பொண்ணு பார்க்கக் கூடாது நர்கிஸ்'னு கெஞ்சினாருடி. இத்தனை வருஷம் நான் ஊரைக் கூட்டிச் சிரிச்சது போதாதா?"

ஈரினி புது டப்பாவைப் பைக்குள் வைத்துக்கொண்டு அப்பாவின் அறை வாசலில் நின்றாள். ஷௌகி நடுங்கும் கையைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டார்.

"ரிசல்ட் வந்துடுச்சாம்மா?"

"நல்லா இருக்குப்பா."

அம்மாவுடையது நன்றாகத்தான் இருந்தது.

"நான் அப்பவே சொன்னேன்ல," என்று அவர் சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நாளாகியிருந்தது. அவள் பையைத் திறக்கவில்லை.

டாக்டர்கள் மாத்திரையைக் கூட்டிக்கொண்டே போனார்கள். மழைக்காலத்தில் சாப்பாடு புரையேறி, நுரையீரலில் சளி கட்டி இறந்தார்.

டப்பாவை வேறு ஆள் திறப்பார் என்று அப்பாவிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஆய்வுக்கூடத்தில் பக்கத்து மேசையிலேயே ஆள் இருந்தார். ஈரினிக்கு அது தோன்றியது, வீட்டுக் கழிப்பறைக் கதவில் அப்பா போட்டிருந்த இரண்டாவது தாழ்ப்பாளைப் பார்த்தபோது. அந்தத் தாழ்ப்பாள் எப்போது வந்தது என்றுகூட அவளுக்குத் தெரியவில்லை.