பிறகு வராதவர்கள்

அருமனை ராஜபாய் வீட்டு முள்ளாத்தை மரத்துக்கு, அதாவது முள்ளுச்சீத்தாவுக்கு, வாட்சப்பில் கிடைத்த பேர் கொஞ்சநஞ்சமல்ல. இதன் இலைச்சாறு புற்றுநோய்ச் செல்களைக் கொல்கிறது என்று எவனோ ஒரு செய்தியைத் தட்டிவிட்டான். அவ்வளவுதான், குளச்சலில் இருந்துகூட ஆள் வந்து கேட்டில் நின்றது. ராஜபாய் யாரிடமும் காசு வாங்கியதில்லை. ஆளுக்கொரு பை இலை பறித்துக் கொடுப்பாள்.

வந்தவர்கள் நாலைந்து முறை வருவார்கள். பிறகு வரமாட்டார்கள். சுகமானவர்களுக்கு இலை எதற்கு என்று நினைத்துக்கொண்டாள். யாரும் அவளைத் திருத்தவில்லை. திருத்த வேண்டியவர்கள் வீட்டில் அழுதுகொண்டிருந்திருப்பார்கள்.

தங்கை சுனிதாவுக்கு மார்பில் கட்டி வந்தது. தொடக்கம்தான், ஆபரேஷன் செய்து ஊசியும் போட்டால் குணமாக்கிவிடலாம் என்றார் டாக்டர்.

"ஏட்டி, ஊசி போட்டா முடியெல்லாம் கொட்டும். எத்தன பேரு நம்ம இலையில பிழைச்சிருக்கினும்!" என்றாள் ராஜபாய்.

"நீ சொன்னா சரிதான் அக்கா."

எட்டு மாதம் இலைச்சாறு குடித்தாள் மகராசி, ஒரு நாள் தவறாமல்.

பிறகுதான் ராஜபாய் மார்த்தாண்டம் சந்தையில் சிஜினைப் பார்த்தாள். தாய்க்காக இலை வாங்கிப் போனவன்.

"அம்மைக்கு சொகந்தானே மக்கா? பொறவு வரவே இல்லியே?"

"அம்மை செத்து ஒரு வருசமாச்சு அக்கா. அதான் வரல்ல."

மீன் வாங்கப் போனவள் வெறும் பையோடு திரும்பினாள்.

மறுநாளே சுனிதாவை ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு ஓடினாள். ஈரல்வரை பரவியிருந்தது.

"லேப்ல கண்ணாடித் தட்டில வச்சு இந்தச் சாறு ஊத்தினப்ப செல் செத்தது உண்மைதாம்மா. மனுஷ உடம்பு கண்ணாடித் தட்டு இல்லையே," என்றார் டாக்டர். "நான் அன்னைக்குச் சொன்ன ஊசி மருந்தும் முதல்ல ஒரு மரத்துப் பட்டையிலேருந்து எடுத்ததுதான். பல வருஷம் சோதிச்ச பிறகுதான் மனுஷங்களுக்குக் கொடுத்தாங்க."

ராஜபாய்க்கு அப்போதுதான் புரிந்தது. மரத்தை நம்பி, மரம் தந்த மருந்தையே தடுத்திருக்கிறாள் பாவி.

சுனிதா அக்காவை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலையாக இருந்திருக்கும். நாலாம் மாதம் போய்ச் சேர்ந்தாள்.

அடக்கம் முடிந்து ஒரு மாதம் இருக்கும். கேட்டில் ஒரு பெண் பையோடு நின்றாள். கணவனுக்காம்.

"இத குடிச்சு ஆருக்காவது சொகமாச்சா அக்கா?"

சொகமானதினாலதானே பொறவு வரல்ல என்று சிரித்தபடி சொல்வது ராஜபாயின் வழக்கம். இன்று கேட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"எனக்க தங்கச்சியும் குடிச்சா," என்றாள். "பொறவு வரல்ல. ஒனக்க கெட்டினவர ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போ மக்கா."